பழைய ஜீப், லாரி ஸ்டீயரிங்: ஆட்டம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

"எண்டு எல்லாம் மாத்தியாச்சு, பாக்ஸை டைட் பண்ணியாச்சு, அலைன்மென்ட்டும் பார்த்தாச்சு. ஒரு மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப மறுபடி ஆடுது." பழைய மஹிந்திரா ஜீப்போ பட்டை ஸ்பிரிங் போட்ட லாரியோ வைத்திருப்பவர்கள் பட்டறையில் அடிக்கடி சொல்லும் புகார் இது. எண்டு என்பது ஸ்டீயரிங் கம்பிகளின் முனையிலுள்ள பந்து மூட்டு; பாக்ஸ் என்பது வீலின் திருப்பத்தைக் கம்பிகளுக்குக் கொடுக்கும் கியர் பெட்டி. கழற்றிப் போட்ட பழைய பாகங்களை எடுத்துப் பார்த்தால் பாதி நன்றாகவே இருக்கும். தேய்ந்த இடம் ஒன்று, மாற்றிய இடம் வேறு. எங்கே லூஸ் என்று கைவைத்துப் பார்க்காமலே பாகம் வாங்குவதுதான் இந்தக் கோளாறு திரும்பி வருவதற்கு முதல் காரணம். கைவைத்துப் பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரண்டு பேர், ஒரு ஜாக்கி, ஒரு சாக்பீஸ் போதும்.

திருப்பம் டயருக்குப் போகும் வழி

ஸ்டீயரிங் வீலுக்குக் கீழே தண்டு, அதன் அடியில் சேஸோடு போல்ட் போட்டு இறுக்கிய ஸ்டீயரிங் பாக்ஸ். பாக்ஸிலிருந்து வெளியே வரும் தடித்த தண்டில் டிராப் ஆர்ம் மாட்டியிருக்கும். பிட்மேன் ஆர்ம் என்றும் சொல்வார்கள். டிராப் ஆர்மிலிருந்து டிராக் லிங்க் ஒரு பக்கச் சக்கரத்தை இழுக்கவும் தள்ளவும் செய்கிறது. அந்தச் சக்கரத்தையும் மறுபக்கச் சக்கரத்தையும் டை ராட் சேர்த்துப் பிடிக்கிறது. கதவுக்குக் கீல் எப்படியோ, சக்கரத்துக்குக் கிங்பின் அப்படி. அதைச் சுற்றித்தான் சக்கரம் திரும்புகிறது.

பழைய சிஜே வகை ஜீப்பில் இடையில் இன்னொரு பாகம் உண்டு: பெல் கிராங்க். சேஸின் முன் குறுக்குச் சட்டத்தில் ஒரு பின்னைச் சுற்றித் திரும்பும் சின்ன ஆர்ம் அது. டிராக் லிங்க் முதலில் இதைத் திருப்ப, இதிலிருந்து இரண்டு டை ராடுகள் இரண்டு சக்கரத்துக்கும் போகின்றன. அதாவது டிராக் லிங்கில் இரண்டு முனை, டை ராடுகளில் நான்கு முனை, நடுவில் பெல் கிராங்க் பின், பாக்ஸ், பக்கத்துக்கு இரண்டாகக் கிங்பின் பேரிங்குகள், வீல் பேரிங்குகள். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் இருந்தால் போதும், எல்லாம் சேர்ந்து வீலில் கை அகலத்துக்கு வெற்றாட்டமாக வந்து நிற்கும். இந்த வெற்றாட்டத்தைத்தான் 'பிளே' என்கிறோம். ஒரே ஒரு எண்டை மாற்றினால் பிளே கொஞ்சம் குறையும், போகாது.

எவ்வளவு பிளே இருக்கலாம்? 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி, ஸ்டீயரிங் வீலில் பிளே 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. 40 செ.மீ. விட்டமுள்ள வீலில் இது விளிம்பில் சுமார் 10 செ.மீ. வரும். அது சட்டத்தின் கடைசி எல்லை. அந்த அளவுக்குப் போன வண்டியை நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் நேர்க்கோட்டில் பிடிப்பது கஷ்டம். நன்றாகப் பராமரித்த ஜீப்பில் இரண்டு, மூன்று செ.மீ.க்குள் நிற்கும். பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் தொப்பி இருக்க வேண்டும், போல்ட், பின்களுக்குப் பூட்டு இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. ரப்பர் கிழிந்தால் உள்ளே மண்ணும் தண்ணீரும் போய், புது எண்டுகூட ஒரு மழைக்காலம் தாங்காது.

பிளே வேறு, வாப்ளிங் வேறு

இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பிளே உள்ள வண்டி அலையும்: வீலைத் திருப்பினாலும் உடனே கேட்காது, நேராகப் போக அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். வாப்ளிங் என்பது ஒரு குறிப்பிட்ட வேகத்தில், பெரும்பாலும் ஒரு பள்ளத்திலோ தண்டவாளத்திலோ ஏறி இறங்கியதும், முன்சக்கரம் இரண்டும் படபடவென்று இடமும் வலமுமாக அடித்துக்கொள்வது. வீல் கையை உதறும். வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும்.

பள்ளம் சக்கரத்தை ஒரு பக்கம் தட்டிவிடுகிறது. கேஸ்டர், அதாவது கிங்பின்னின் பின்சாய்வு, அதை நேருக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. இடையில் எங்காவது லூஸ் இருந்தால் சக்கரம் நேரில் நிற்காமல் தாண்டி மறுபக்கம் போகிறது, மறுபடி திரும்புகிறது. டை ராட் இரண்டு சக்கரத்தையும் கட்டியிருப்பதால் ஒன்றின் ஆட்டம் மற்றதையும் இழுக்கிறது. ஆக, பேலன்ஸ் இல்லாத டயரும் பள்ளமும் ஆட்டத்தைக் கிளப்பிவிடுபவை. அதை வளரவிடுவது லூஸ். வீல் பேலன்ஸ் செய்ததும் ஒரு மாதம் நின்று, டயர் கொஞ்சம் தேய்ந்ததும் திரும்பி வருவது இதனால்தான்.

ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் கம்பியின் ஆட்டத்தை அடக்கும் சின்ன ஷாக் அப்சார்பர்) போட்டால் வாப்ளிங் நின்றுவிடும் என்று பலர் வாங்குகிறார்கள். நிற்கும். ஆனால் லூஸ் ஜாயின்ட் உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். டேம்பர் சோர்ந்த நாளில் பழையதைவிட மோசமாக ஆடும். கம்பெனியிலேயே டேம்பர் வைத்து வந்த வண்டிக்கு அது வேண்டும். கோளாறுக்கு மருந்தாக அதைப் போடக் கூடாது.

ஓட்டும்போது வாப்ளிங் வந்தால் வீலோடு மல்லுக்கட்ட வேண்டாம். இறுக்கிப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, மெதுவாகப் பிரேக் கொடுத்து வேகத்தை இறக்குங்கள்.

இரண்டு பேர் சோதனை

வண்டி தரையில் நிற்கட்டும், சக்கரம் நேராக. பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பவர் ஸ்டீயரிங் வண்டி என்றால் இன்ஜின் ஓட வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து வீலை இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரம் திரும்பும் அளவுக்கு வேண்டாம், பிளே தீர்ந்து லேசாக இழுக்கும் அளவு போதும். இன்னொருவர் பாக்ஸில் ஆரம்பித்துச் சக்கரம் வரை ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் பாக்ஸ் சேஸில் அசைகிறதா என்று பாருங்கள். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. மவுன்டிங் போல்ட் லூஸாகியிருக்கலாம், அல்லது போல்ட் துளையைச் சுற்றிச் சேஸ் தகடே விரிசல் விட்டிருக்கலாம். சேற்றையும் கிரீஸையும் துடைத்துவிட்டுப் பார்த்தால் விரிசல் துருக்கோடாகத் தெரியும். அப்படி இருந்தால் மற்ற வேலையெல்லாம் பிறகு. முதலில் அதை முறையாக வெல்டு செய்து வலுத் தகடு வைக்க வேண்டும்.

அடுத்து, பாக்ஸுக்குள் போகும் தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் அசையாமல் நிற்கிறதா? அது பாக்ஸ் பிளே. டிராப் ஆர்ம் தன் தண்டின் பல்லில் ஆடுகிறதா? அது நட்டு லூஸ் அல்லது பல் தேய்மானம். அதற்கப்புறம் எண்டுகள். எண்டும் ஆர்மும் சேரும் இடத்தில் உள்ளங்கை இரண்டின் மீதும் படும்படி வையுங்கள். நல்ல ஜாயின்ட்டில் இரண்டும் ஒன்றாக நகரும். தேய்ந்ததில் ஒன்று முதலில் போய், ஒரு 'டக்'குக்குப் பிறகுதான் மற்றது பின்தொடரும். அந்த 'டக்' கையில் தெளிவாகத் தெரியும். தெரிந்த இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். கடப்பாரை வைத்து நெம்பிப் பார்க்காதீர்கள். உள்ளே ஸ்பிரிங் வைத்த எண்டு நல்லதாக இருந்தாலும் நெம்பினால் அமுங்கும்.

பெல் கிராங்கைத் தனியாக மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அதன் பின்னும் பேரிங்கும் தேய்ந்தால் மேல்-கீழ் ஆட்டம் வரும். அந்த ஆட்டம் இரண்டு டை ராடுக்கும் போய்ச் சேரும். சிஜே ஜீப்பில் நான்கு எண்டு மாற்றியும் தீராத பிளே பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

இனி ஆக்சிலுக்கு ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து உலுக்குங்கள். ஆட்டம் தெரிந்தால் உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி உலுக்குங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். இந்த ஒரு சோதனை எத்தனையோ வீண் கிங்பின் வேலையை மிச்சப்படுத்தும். பேரிங் மட்டும்தான் என்றால், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுகும்வரை முறுக்கி, பழைய ஜீப்பில் ஆறில் ஒரு சுற்று தளர்த்திப் பூட்ட வேண்டும். சக்கரம் தடையின்றிச் சுற்றவும் வேண்டும், உலுக்கினால் ஆடவும் கூடாது.

பாக்ஸைக் கடைசியில் தொடுங்கள்

பிளே என்றதும் முதலில் பாக்ஸின் மூடியில் இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்குருவைத் திருகுவது வழக்கமாகிவிட்டது. மலிவான வேலை, ஐந்து நிமிடத்தில் முடியும். பாக்ஸ் சீக்கிரம் கெடுவதும் அதனால்தான்.

பாக்ஸின் உட்புறம் வேண்டுமென்றே சக்கரம் நேராக இருக்கும் நிலையில் இறுக்கமாகவும், இரண்டு பக்கமும் திருப்பும்போது கொஞ்சம் தளர்வாகவும் செய்யப்பட்டிருக்கிறது. வண்டி நேராக ஓடுவதே அதிகம் என்பதால் நடுப்பகுதிதான் முதலில் தேயும். வீலைத் திருப்பி வைத்துக்கொண்டு ஸ்குருவை இறுக்கினால், நேருக்கு வரும்போது உள்ளே நசுங்கும். வீல் தானாக நேருக்குத் திரும்பாது, நடுப்பகுதி இன்னும் வேகமாகத் தேயும்.

சரியான முறை: டிராக் லிங்கை டிராப் ஆர்மிலிருந்து கழற்றுங்கள். வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிச் சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள். முதலில் வார்ம் தண்டின் (பாக்ஸுக்குள் வீலோடு சுழலும் திருகுப் பல் தண்டு) பேரிங்கில் மேல்-கீழ் ஆட்டம் இருக்கிறதா பார்த்து அதைச் சரிசெய்ய வேண்டும். பழைய ஜீப்பின் ராஸ் வகைப் பாக்ஸில் இதை மேல் மூடியின் கீழுள்ள ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) எடுத்துச் செய்வார்கள். அதன் பிறகே பக்க ஸ்குரு. நடுவைத் தாண்டும்போது லேசான பிடிப்பு மட்டும் தெரிய வேண்டும். லாக் நட்டைப் போட்டபின் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எங்காவது சிக்கினால் தளர்த்துங்கள். நடுவில் சரியாக்கினால் ஓரத்தில் பிளே, ஓரத்தில் சரியாக்கினால் நடுவில் சிக்கல் என்று வந்தால் பாக்ஸ் உட்பாகம் முடிந்துவிட்டது. இனி அட்ஜஸ்ட்மென்ட்டால் பயனில்லை.

கிங்பின்னும் எண்டும் மாற்றும்போது

ஜீப்பின் முன் ஆக்சிலில் கிங்பின் மேலும் கீழும் டேப்பர் பேரிங்கில் உட்காருகிறது. இறுக்கத்தைத் தீர்மானிப்பவை மூடிகளுக்கு அடியிலுள்ள ஷிம்கள். லூஸாக இருந்தால் ஷிம்மை எடுக்க வேண்டும். மேலிருந்தும் கீழிருந்தும் சம அளவில் எடுத்தால்தான் ஆக்சில் நடுவில் நிற்கும். டை ராடைக் கழற்றி, ஆயில் சீல் உரசாத நிலையில், ஆர்மில் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்துப் பார்த்து மேனுவல் சொல்லும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் வண்டி வளைவிலிருந்து நேருக்குத் திரும்பாது.

லாரியில் கிங்பின் வெண்கலப் புஷ்ஷில் சுழல்கிறது. கிட் மாற்றியும் சீக்கிரம் லூஸாகிறது என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் ஒரே நீள ரீமரால் (துளையைத் துல்லியமாகக் குடையும் கருவி) ஒரே கோட்டில் ரீமர் போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் பின் ஒரு பக்கம் மட்டும் உரசும். இரண்டாவது, ஆக்சில் பீமின் துளையே விரிந்திருப்பது. அதில் புதுப் பின்னை எவ்வளவு கெட்டியான ஆப்பு வைத்துப் பூட்டினாலும் நிற்காது. அந்தத் துளைக்கு லேத்தில் வேலை செய்தாக வேண்டும். பீமுக்கும் ஸ்டப் ஆக்சிலுக்கும் (சக்கரம் மாட்டும் பாகம்) நடுவிலுள்ள மேல்-கீழ் இடைவெளியை ஷிம் வைத்து எடுக்க மறக்கக் கூடாது. கிரீஸ் அடிக்கும்போது பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். வரவில்லை என்றால் நிப்பிளோ வழியோ அடைத்திருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டே மறுபடி அடித்துப் பாருங்கள்.

எண்டைக் கழற்ற அதன் மரையில் சுத்தியலால் அடிக்காதீர்கள். எண்டு உட்காரும் கண்ணின் இருபக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு சுத்தியலால் தட்டினால் டேப்பர் (கூம்புப் பிடிப்பு) விட்டுவிடும். புல்லர் இருந்தால் இன்னும் நல்லது. பழைய எண்டை வெளியே எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்று ஏற்றுங்கள். ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை. நட்டில் ஸ்பிளிட் பின் துளை நேர்படாவிட்டால் மேலும் இறுக்கித்தான் நேர்படுத்த வேண்டும்; ஒருபோதும் தளர்த்தக் கூடாது. பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடவும் கூடாது. பழைய ஜீப்பின் டிராக் லிங்கில் முனையில் திருகு மூடி இருக்கும். அதை முழுக்க இறுக்கி, முனைக்கேற்ப அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்றுவரை தளர்த்திப் பின் போட வேண்டும்.

கேஸ்டர்: பாகமே இல்லாத கோளாறு

எல்லாம் புதிது, ஆனாலும் வண்டி அலைகிறது என்றால் கேஸ்டரைப் பாருங்கள். கிங்பின்னின் மேல்முனை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம் அது. பழைய ஜீப்புக்கு 3 டிகிரி. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதும் இதே காரணத்துக்குத்தான்: சக்கரம் தானாக நேருக்கு வரும்.

பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆக்சில் எப்படி உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் கேஸ்டர். வண்டியின் பின்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் மூக்கு கீழே சாய்ந்து கேஸ்டர் குறையும். முன் ஸ்பிரிங்கின் முன்முனையில் ஷாக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேஸோடு சேர்க்கும் அசையும் இணைப்பு) உள்ள ஜீப்புக்கு நீள ஷாக்கிள் போட்டாலும் குறையும். அழகுக்காக உயர்த்திய ஜீப்புகள் பல அலைவது இதனால்தான். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைத்துக் கோணத்தை மீட்கலாம். அதை வைத்தபின் முன் புரொபெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டின் கோணத்தையும் சரிபாருங்கள்.

வண்டி ஒரே பக்கம் இழுத்தால், முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடுவரை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு மாறினால் ஸ்பிரிங் பட்டைகளை நடுவில் சேர்க்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் பின்னே நகர்ந்திருக்கும். பெரும்பாலும் ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யு போல்ட்டை மறுபடி இறுக்காமல் விட்டதால் வருவது இது.

டோ-இன் அளப்பது

டோ-இன் என்பது முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கிக் குவிந்திருக்கும் அளவு; வெளிநோக்கி விரிந்திருந்தால் டோ-அவுட். இந்த அலைன்மென்ட் எல்லா வேலைக்கும் கடைசியில்தான். லூஸை வைத்துக்கொண்டு எடுத்த அளவு அடுத்த பள்ளத்தில் மாறிவிடும். மெஷின் இல்லாமலும் இதை அளக்கலாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, டயர் நடுவில் சாக்பீஸ் பூசி, அசையாமல் பிடித்த ஆணியால் மெல்லிய கோடு போடுங்கள். இரண்டு டயரிலும் போட்டபின் வண்டியை இறக்கி, ஒரு மீட்டர் முன்னே தள்ளுங்கள். ஹப் உயரத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே முன்பக்கமும் பின்பக்கமும் அளக்க வேண்டும். பழைய ஜீப்பில் முன்பக்க அளவு 1.2 முதல் 2.4 மி.மீ. வரை குறைவாக இருக்க வேண்டும். டயரைத் தடவினாலும் தெரியும்: பட்டைகளின் உள்விளிம்பு கூராக இருந்தால் டோ-இன் அதிகம், வெளிவிளிம்பு கூராக இருந்தால் டோ-அவுட்.

வேறு வகை வண்டிகள்

முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங் பாக்ஸும் உள்ள எஸ்யூவிகளில் கிங்பின்னுக்குப் பதில் பால் ஜாயின்ட், கூடவே ஸ்டீயரிங் கம்பிகளை மறுபக்கத்தில் தாங்கித் திரும்பும் ஐட்லர் ஆர்ம். ஐட்லர் ஆர்ம் மேலும் கீழும் ஆடினால் ஓட்டும்போதே டோ மாறிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்காரும் வண்டியில் ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு வைத்துத் தூக்கினால்தான் பால் ஜாயின்ட்டின் ஆட்டம் தெரியும். சேஸுக்கு வைத்தால் மறைந்துவிடும்.

காயில் ஸ்பிரிங்கோடு நேர் ஆக்சில் உள்ள வண்டிகளில், அமெரிக்காவின் 1984-2001 ஜீப் செரோகி போன்றவற்றில், ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது டிராக் பார் என்ற ஒற்றைக் கம்பி. அதன் புஷ்ஷோ பால் ஜாயின்ட்டோ தேய்ந்தால் வரும் ஆட்டத்துக்கு அங்கே 'டெத் வாபிள்' என்றே பெயர். இரண்டு பேர் சோதனையில் அந்த வண்டிகளில் முதலில் டிராக் பாரின் இரண்டு முனையையும் பாருங்கள்.

பவர் ஸ்டீயரிங்கில் பம்பு முனகி, ஆயில் நுரைத்தால் உள்ளே காற்று இருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கி, இன்ஜினை அணைத்த நிலையில், குமிழி நிற்கும்வரை வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். அளவு குறையக் குறைய ஆயில் ஊற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து மறுபடி திருப்பிப் பாருங்கள். கோடியில் சில நொடிகளுக்கு மேல் பிடித்துவைக்க வேண்டாம், பம்பு சூடேறும்.

வேலை முடிந்து சில நூறு கி.மீ. ஓடியதும் யு போல்ட், பாக்ஸ் மவுன்டிங், டிராப் ஆர்ம் நட்டு, டை ராட் கிளாம்ப் ஆகியவற்றை மறுபடி ஸ்பானர் வைத்துப் பாருங்கள். புதுப் பாகங்கள் உட்கார்ந்து இறுக்கம் குறைந்திருக்கும்.